வெயில் பக்கம்

தண்ணீரூற்று,
முல்லைத்தீவு.
14.06.2003

அன்புத் தங்கச்சி ஸுல்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் என்று முதல் வரியில் எழுதாவிட்டால் நீ பயந்துவிடுவாய். ஆகவே எழுதுகிறேன், நான் சுகம். நீயும் மகள் பஸ்லியாவும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். சீனி வருத்தத்துக்கு மருந்து ஒழுங்காக எடுக்கிறாயா?

நான் புத்தளத்திலிருந்து இங்கே வந்து நாலு மாதமாகிறது. முதல் மாதம் முழுக்கப் பற்றை வெட்டினேன். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் வடக்கை விட்டுப் போகச் சொன்னபோது வாப்பா உனக்குப் போட்டிருந்த அத்திவாரம் அப்படியே கிடக்கிறது. அதற்குள் ஒரு வேம்பு முளைத்து என் தொடையளவு பருத்திருந்தது. வாப்பா இருந்தால் வெட்ட விட்டிருக்கமாட்டார். அவர் இல்லை, வெட்டினேன்.

எங்களில் வீடு பெண்ணுக்குத்தான். வாப்பா முடிக்காமல் போனதை நான் முடிக்க வேண்டும். உன் மாப்பிள்ளை மௌத்தாகி ஐந்து வருடம், என் பெண்சாதி சபூறா மௌத்தாகிப் பத்து மாதம். புத்தளத்து அகதி முகாமில் நீ ஒரு கொட்டிலிலும் நான் ஒரு கொட்டிலிலும் இருந்து என்ன கண்டோம்? சபூறா போன பிறகு எனக்கு எதுவும் பெரிதாக உறைப்பதில்லை. பசிகூட மணிக்கூட்டைப் பார்த்தால்தான் வருகிறது. சுவர் வைப்பதற்கு எதுவும் உறைக்க வேண்டியதில்லை என்பதால் சுவர் வைக்கிறேன். என்னோடு ஆண்டியப்பன் என்று ஒருவர் வேலை செய்கிறார். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து ஜெயபுரத்தில் குடியேறியவர். வாரக்கணக்கில் இங்கேயே தங்குவார். கூரை வேலையில் கெட்டிக்காரர்.

ஒரு அறை, ஒரு குசினி, உன் தையலுக்கு ஒரு அறை. தையல் அறையில்தான் சிக்கல். ஒரு பக்கம் பஸ் போகும் தெரு, மறுபக்கம் அடுத்த வீட்டுக் கிணற்றடி. யன்னல் வைத்தால் ஊர் முழுக்க உன்னைப் பார்க்கும். யன்னல் வைக்காவிட்டால் பகலிலும் இருட்டு. கூரைத் தகரத்துக்கு நடுவே வெளிச்சம் விடும் சீற் இரண்டு போடலாம் என்கிறார் ஆண்டியப்பன். அதில் இரண்டு வகை உண்டாம். ஒன்று பைபர் சீற், பால் நிறம், மலிவு. மற்றது பொலிகாபனேற் சீற், கண்ணாடி மாதிரி, விலை இரண்டு மடங்கு. எனக்குப் பைபர் போதும் என்று படுகிறது. வீடு உன்னுடையது, நீ சொல்.

வஸ்ஸலாம்.
கலந்தர் காக்கா


புத்தளம்.
02.07.2003

அன்புக் காக்காவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் இருவரும் சுகம். நீங்கள் சுகம் என்று எழுதியதை நம்பவில்லை, ஆனாலும் வைத்துக்கொள்கிறேன். என்ன சமைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதுங்கள். மூன்று நேரமும் பாணும் சம்பலும் என்று எழுதினால் அடுத்த பஸ்ஸில் வந்து அடிப்பேன்.

பைபர் சீற் வேண்டாம் காக்கா. முகாம் பள்ளிக்கூடத்துக் கூரையில் அதைத்தான் போட்டார்கள். முதல் வருடம் பால் மாதிரி வெளிச்சம். இரண்டாம் வருடம் அரிசி கழுவிய தண்ணீர். இப்போது மேலே நார் கிளம்பி, அதற்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் கழுத்தைச் சொறிந்துகொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். பஸ்லியாவும் சொறிந்தாள்.

நான் தைப்பது அபாயா. கறுப்புத் துணியில் கறுப்பு நூல். பால் வெளிச்சத்தில் தையல் எங்கே ஓடுகிறது என்று தெரியாது. கண்ணாடி மாதிரி என்றீர்களே, அதையே போடுங்கள். நீங்கள் கேட்டீர்கள், நான் சொல்லிவிட்டேன். பிறகு கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது.

அத்திவாரத்து வேம்பை வெட்டினீர்களா? சரி. நிழலுக்கு வேறு ஏதாவது நடுங்கள்.

உங்கள் துஆவை நாடும்,
ஸுல்பா


தண்ணீரூற்று.
09.08.2003

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். பாணும் சம்பலும்தான். வந்து அடி.

சீற் பார்க்க வவுனியா போனேன். சாச்சாவின் மகன் பைறூஸ் வேலை செய்யும் கடையில் இரண்டும் இருக்கிறது. அவன் ஒரு சுத்தியலை எடுத்துப் பொலிகாபனேற் துண்டில் ஓங்கி அடித்தான். சுத்தியல் துள்ளித் திரும்பியது, சீற்றில் கீறல்கூட இல்லை. பைபரில் அடித்தான், அடித்த இடம் வெள்ளையாக வெடித்தது. "இப்ப விளங்குதா காக்கா?" என்றான். "என்ர தங்கச்சி கூரையில ஏறிச் சுத்தியலால அடிக்கப் போறாளோ?" என்று கேட்டேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

என் பக்கத்தையும் கேள். பைபர் வெடித்தால் முல்லைத்தீவுக் கரையில் படகுக்கு ஒட்டுப் போடுகிறவர்களைக் கூப்பிட்டு ஒரு மத்தியானத்தில் ஒட்டிவிடலாம். பொலிகாபனேற்றுக்கு ஒட்டுப் போட இங்கே ஒருவருக்கும் தெரியாது. அது வெயிலுக்கு நீளுமாம், ஆணித் துளையைப் பெரிதாக விட வேண்டுமாம், இல்லாவிட்டால் பிதுங்குமாம். பெரிய வீட்டுப் பிள்ளை வளர்ப்பது போலக் கரைச்சல்.

அதைவிட முக்கியம் ஒன்று. அறைக்கு நேர் மேலே அடுத்த வளவுத் தென்னை நிற்கிறது. தேங்காய் பறிக்கிறவர் ஏறினால் பைபர் என்றால் அவருக்கு வெறும் கூரைதான். கண்ணாடி மாதிரிச் சீற் என்றால் நீ எந்த நிற நூல் கோக்கிறாய் என்றே அங்கிருந்து சொல்லிவிடுவார். யன்னல் வேண்டாம் என்று சுவரை மூடிவிட்டுக் கூரையைத் திறந்து வைப்பதா? யோசி. பைபருக்கே சொல்லிவிடட்டுமா?

வஸ்ஸலாம்.
கலந்தர் காக்கா


புத்தளம்.
30.08.2003

அன்புக் காக்காவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். சுகம்.

இங்கே மரம் ஏறுகிறவர்கள் ஏறுவதற்கு முன் "மரம் ஏறுறன்!" என்று மூன்று தரம் கூவுவார்கள், பெண்கள் உள்ளே போய்விடுவார்கள். அங்கேயும் அந்தக் காலத்தில் அப்படித்தான். அவர் கூவட்டும், நான் முக்காடு போட்டுக்கொள்கிறேன்.

உங்களிடம் நான் எதையும் கேட்டதில்லை. கலியாணத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோதும் கேட்கவில்லை. இது ஒன்றைக் கேட்கிறேன், எனக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள்.

ஸுல்பா


தண்ணீரூற்று.
29.11.2003

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம், நீ சுகமா? பெருநாளுக்கு என்ன உடுத்தீர்கள்? நான் சபூறா தைத்த சாரனை உடுத்தினேன்.

நீ கேட்டதுபோல் பொலிகாபனேற் போட்டாகிவிட்டது. மூன்று வாரம் உன்னோடு மனதுக்குள் கோபமாக இருந்தேன். பிறகு அதுவும் அலுத்துப் போய் வவுனியாவுக்கு பஸ் ஏறினேன். ஆண்டியப்பனும் வந்தார். பைறூஸ் அன்று கடையில் இல்லை, வேறு ஒரு ஆள் எடுத்துக் கொடுத்தார். சீற்றின் இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தோல் ஒட்டியிருந்தது. ஒரு பக்கத் தோலில் நீல நிறத்தில் ஆங்கில எழுத்து, கோடுகள், அம்புக்குறிகள். அதைப் பார்த்ததும் ஆண்டியப்பனுக்கு வேர்த்துவிட்டது.

"காக்கா, எழுத்துள்ள ஒண்டையும் சோதனைச் சாவடிக்குக் கொண்டு போகப்படாது. இதில கோடு கீறி அம்பும் போட்டிருக்கு. மெப், ஊர்ப்படம் எண்டு பிடிச்சு வைச்சாங்களெண்டா ரெண்டு நாள் போயிரும். உரிச்சுப் போடுவம்" என்றார்.

சண்டைக் காலம் முழுக்க வன்னியில் இருந்தவர் அவர். அப்போது ஒரு சவர்க்காரம் கொண்டு வருவதென்றாலும் உறையைக் கழற்றிவிட்டுத்தான் கொண்டு வருவார்களாம். எனக்கு என்ன தெரியும், நான் அந்தப் பதின்மூன்று வருடமும் புத்தளத்தில் இருந்தவன். இரண்டு பேரும் பாதையோரத்தில் குந்தியிருந்து இரு பக்கத் தோலையும் சுத்தமாக உரித்து எறிந்தோம். சாவடியில் சீற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஆண்டியப்பன் வழி முழுக்கத் தன் கெட்டித்தனத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

துளையைப் பெரிதாக விட்டு, றபர் வாசர் வைத்துப் பூட்டினோம். இப்போது மத்தியானத்தில் உன் அறையின் சீமெந்துத் தரையில் தென்னோலை நிழல் ஒவ்வொரு கீற்றாகத் தெரிகிறது. நீ சொன்னதுதான் சரி. பைபர் போட்டிருந்தால் இது இல்லை.

வீடு முடிந்தது. இனி நீ வரலாம். ஒன்று கேட்க வேண்டும், உன் எழுத்து ஏன் வரியை விட்டுக் கீழே கீழே போகிறது?

வஸ்ஸலாம்.
கலந்தர் காக்கா


புத்தளம்.
11.02.2004

அன்புக் காக்காவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தைப் பஸ்லியா மூன்று தரம் வாசித்தாள், தென்னோலை நிழல் வரும் இடத்தை நான்காம் தரமும் வாசிக்கச் சொன்னேன். அல்லாஹ் உங்கள் கைக்கு பரக்கத்தைத் தரட்டும்.

எழுத்து இறங்குவது மண்ணெண்ணெய் விளக்கில் எழுதுவதால். நீங்கள் வாத்தியாராகப் போயிருக்கலாம்.

உடனே வர முடியாது. பஸ்லியாவுக்கு டிசம்பரில் ஓ.எல். பரீட்சை. அது முடியட்டும். எனக்கும் இங்கே கிளினிக் இருக்கிறது. வேலை குறைவில்லை. இப்போது அவள் தைக்கிறாள், நான் துணி வெட்டிக் கொடுக்கிறேன். அறையைப் பூட்டி வைக்காதீர்கள், காற்றுப் பட விடுங்கள்.

ஸுல்பா


தண்ணீரூற்று.
20.01.2005

ஸுல்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் மூன்று கடிதமும் வந்தன. பதில் எழுதவில்லை, மன்னித்துக்கொள்.

சுனாமி என்கிறார்களே, அந்தக் கடல் இங்கே வரவில்லை. தண்ணீரூற்று உள்ளே இருக்கிறது. நான் உயிரோடு இருப்பதைப் பைறூஸ் உனக்குச் சொல்லியிருப்பான்.

ஒன்பது நாள் நானும் ஆண்டியப்பனும் மற்றவர்களும் முல்லைத்தீவுக் கரையில் நின்றோம். என்ன செய்தோம் என்று கேட்காதே, எழுதமாட்டேன். மூன்றாம் நாளோடு மூக்கு வேலை செய்யவில்லை. பிறகு மற்றதும் வேலை செய்யவில்லை. பத்தாம் நாள் வந்து குளித்துவிட்டு உன் அறைத் தரையில் படுத்தேன். ஆண்டியப்பன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அது ஆறி, அதில் எறும்பு ஏறும்வரை நான் எழும்பவில்லை.

கடைசிக் கடிதம் பஸ்லியாவின் கையெழுத்து. விரலில் தையல் ஊசி ஏறியதாக எழுதியிருந்தாய். மருந்து கட்டு. பரீட்சை முடிந்துவிட்டதுதானே. இப்போது வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அறை இருக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

கலந்தர் காக்கா


வவுனியா.
19.10.2005

மதிப்புக்குரிய கலந்தர் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எப்படிப் போகிறது? நாங்கள் சுகம்.

உங்கள் கடிதத்தைக் கடை முதலாளியிடமும் காட்டினேன். இரண்டு வருடத்துக்குள் சீற் வெறும் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது, நடுவில் முடி முடியாக வெடிக்கிறது, கள்ளச் சரக்கைத் தந்துவிட்டீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கோபிக்காமல் கேளுங்கள் காக்கா. சரக்கு நல்லது. அதே சரக்கை வாங்கிய வேறு இருவருடைய கூரை இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது.

பொலிகாபனேற் சீற்றுக்கு ஒரு பக்கம்தான் வெயில் தாங்கும். அந்தப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. அது மேலே இருக்க வேண்டும். எது மேல்பக்கம் என்று அந்தப் பிளாஸ்டிக் தோலில்தான் எழுதியிருக்கும், அம்புக்குறியும் அதற்குத்தான். கூரையில் பூட்டிய பிறகுதான் தோலை உரிக்க வேண்டும். நீங்கள் வழியிலேயே உரித்துவிட்டோம் என்கிறீர்கள். அதற்குப் பிறகு எந்தப் பக்கம் எது என்று செய்தவனுக்கும் தெரியாது. வெயில் பக்கத்தைக் கீழே வைத்துப் பூட்டிவிட்டீர்கள். இனிப் புரட்டிப் போட்டும் பிரயோசனம் இல்லை. நாங்கள் விற்கும் பைபருக்கு இந்தக் கரைச்சல் இல்லை, எப்படிப் போட்டாலும் ஒன்றுதான்.

அன்றைக்கு நான் கடையில் நின்றிருந்தால் சொல்லியிருப்பேன். புதுச் சீற் இரண்டு எடுத்து வைக்கட்டுமா? கடலுக்குப் பிறகு வீடு கட்டும் நிறுவனங்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகின்றன, வர நாலைந்து மாதம் ஆகும். ஸுல்பா ராத்தாவுக்கு நான் சொல்லவில்லை. நீங்கள் சொல்ல வேண்டாம் என்று கீழே கோடிட்டு எழுதியிருந்தீர்கள்.

அன்புடன்,
பைறூஸ்


புத்தளம்.
28.03.2006

அன்புக் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் சுகமாக வந்து சேர்ந்தோம். வேனில் வந்த எல்லோருக்கும் இடுப்பு நோ, எனக்கு இல்லை.

காணி பார்க்கப் போகிறவர்களின் வேனில் இடம் இருக்கிறது என்றதும் பஸ்லியாவைக் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டேன். சொல்லாமல் வந்து நின்றதற்கு நீங்கள் கோபித்ததுபோல் இருந்தது. மத்தியானம் வந்து அஸர் தொழுகை நேரத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது, அதற்குள் நீங்கள் பாதி நேரம் வெளியே தேத்தண்ணி வைத்துக்கொண்டு நின்றீர்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு பார்க்க வந்த தங்கச்சியோடு அரை மணித்தியாலம் கதைக்கவில்லை. மெலிந்துவிட்டீர்கள் காக்கா. உங்கள் முகத்தைத் தொட்டபோது எலும்புதான் கையில் பட்டது.

அறையில் வெகுநேரம் இருந்தேன். என்ன வெளிச்சம்! நீங்கள் எழுதியது போலவே இருந்தது. தரையில் தென்னோலை நிழல், மேலே நீல வானம். நீங்கள் பைபர் போட்டிருந்தால் நான் உங்களை மன்னித்திருக்கமாட்டேன். அந்த வெளிச்சத்தில் கறுப்பு நூல் என்ன, ஈரும் பேனும் பார்க்கலாம்.

மனம் நிறைந்துவிட்டது. வந்து இருப்பதைப் பற்றிப் பிறகு யோசிப்போம். விரல் இன்னும் சரியில்லை, பஸ்லியாதான் எழுதுகிறாள்.

உங்கள் துஆவை நாடும்,
ஸுல்பா


தண்ணீரூற்று.
16.04.2006

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

மகள் பஸ்லியா, இதை நீதான் உம்மாவுக்கு வாசிப்பாய். ஒரு வரியும் விடாமல் வாசி. மாமா கேட்டுக்கொள்கிறேன்.

ஸுல்பா, அந்த அறையில் வெளிச்சம் இல்லை. சீற் பழுப்பாகி ஒரு வருடத்துக்கு மேல். வெடித்த இடங்களில் ஆண்டியப்பன் தார் பூசியிருக்கிறார். தலைகீழாகப் போட்டுவிட்டோம். வெயில் தாங்கும் பக்கம் எது என்று தோலில் எழுதியிருந்ததாம், நாங்கள் சாவடிக்குப் பயந்து தோலை உரித்துவிட்டோம். நீ என்னிடம் கேட்ட ஒரே ஒரு பொருள், அதையும் கெடுத்துவிட்டேன். உனக்கு எழுத வெட்கமாக இருந்தது, எழுதவில்லை. நீ வேனிலிருந்து இறங்கியதும் நான் தேத்தண்ணி வைக்கப் போனேன். நீ மேலே பார்த்துவிடுவாய் என்ற பயத்தில்தான் வெளியே நின்றேன். உன் முகத்தையே நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

நீல வானம் என்று எழுதியிருக்கிறாய். அந்த அறையில் அன்று நடுப்பகலுக்கு விளக்குக் கொளுத்த வேண்டியிருந்தது. தென்னையையும் மாசியில் தறித்துவிட்டார்கள், அங்கே நிழல் விழ ஓலையே இல்லை.

கடிதத்தை வாசித்துவிட்டு முற்றத்தில் குந்தினேன். எழுத்து இறங்கியது, விரலில் ஏறிய ஊசி ஒன்றரை வருடமாக ஆறாதது, நீ என் முகத்தைத் தடவியது, பஸ்லியா உன் கையை ஒரு நிமிடமும் விடாதது, எல்லாம் ஒன்றாக விளங்கியது. எப்போதிருந்து உனக்குக் கண் தெரியாது?

சபூறா மௌத்தானபோது நான் அழவில்லை. கரையில் நின்ற ஒன்பது நாளும் அழவில்லை. எனக்குள் அந்த இடம் செத்துவிட்டது என்று நினைத்திருந்தேன். நேற்று அழுதேன். ஆண்டியப்பன் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். "தங்கச்சிக்குக் கண் தெரியாதாம்" என்றேன். அவரும் பக்கத்தில் குந்திவிட்டார்.

இந்த வீடு தையலுக்குக் கட்டியதில்லை. எனக்கு ஆள் வேண்டும், ஸுல்பா. காலையில் எழும்பினால் "காக்கா" என்று கூப்பிட ஒரு ஆள். கண் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வா.

கலந்தர் காக்கா


புத்தளம்.
24.07.2006

அன்புக் காக்காவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். சுகம் விசாரித்து நீங்கள் எழுதவில்லை, நானும் எழுதவில்லை, இரண்டும் சரியாகிவிட்டது.

உங்கள் கடிதம் வந்து மூன்று மாதம். பஸ்லியா அதைத் துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்திருந்து போன வெள்ளிக்கிழமைதான் வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு, "உம்மா, சீற் கண்ணாடி மாதிரி இருக்கெண்டு அங்க வைச்சு நான்தான் பொய் சொன்னனான். எத்தினை வருசமா கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள். எனக்கு வாய் வரயில்ல" என்று அழுதாள். நான் அவளை அடிக்கவில்லை. நிழலும் வானமும் நானாகச் சேர்த்தது, உங்கள் பழைய கடிதத்திலிருந்து எடுத்து.

இப்போது என் பக்கத்தைக் கேளுங்கள். நீங்கள் சீற் பற்றி முதலில் எழுதிய மாதத்தில்தான் கொழும்பு டொக்டர் சீனி கண்ணுக்கு ஏறிவிட்டது என்று சொன்னார். இரண்டு வருடம் என்றார். நல்ல வெளிச்சம் இருந்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கலாம் என்று நினைத்தேன், அதனால்தான் உங்களோடு அப்படிச் சண்டை பிடித்தேன். பிறகு கிளினிக்கை விட்டு வர முடியவில்லை. இடது கண் கடல் வருவதற்கு முன்பே போனது. வலது கண் போன நோன்போடு போனது. அதற்குப் பிறகு வெட்கம். கண் தெரியாத தங்கச்சி வந்து தலையில் ஏறுவதற்கா நீங்கள் வீடு கட்டினீர்கள் என்று வெட்கம். சொல்லாமல் ஒருதரம் வந்து வீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனால் போதும் என்று நினைத்தேன். சுவர் நன்றாக இருக்கிறது காக்கா. மூலைகள் நேராக இருக்கின்றன.

நாங்கள் வருகிறோம். இருக்கத்தான் வருகிறோம். சாமான்களை விற்றுவிட்டோம். ஓகஸ்ட் பதினாறாம் திகதி காலை பஸ்ஸில் வெளிக்கிட்டு வவுனியாவில் பைறூஸ் வீட்டில் தங்கி, மறுநாள் அங்கே வருவோம். சீற்றை மட்டும் மாற்றுங்கள். எனக்கில்லை, பஸ்லியாவுக்கு. இப்போது அவள் தையலில்தான் நாங்கள் சாப்பிடுகிறோம், அவளுக்குக் கண் இருக்கிறது. பைபரா பொலிகாபனேற்றா என்று இந்தத் தடவை அவளைக் கேளுங்கள்.

ஸுல்பா

மாமா, எனக்கு எதுவானாலும் சரி. சொறியாவிட்டால் போதும். பஸ்லியா.


தண்ணீரூற்று.
10.09.2006

அன்புத் தங்கச்சிக்கும் மகள் பஸ்லியாவுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். இந்தத் தடவை அதை நம்புங்கள், அடிபட்ட காயம் ஒன்றும் உடம்பில் இல்லை. வெளியே போக அனுமதி கிடைத்த ஒரு ஆசிரியையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வவுனியாவில் தபாலில் போடுவதாகச் சொன்னார்.

நீங்கள் வெளிக்கிடுவதற்கு ஐந்து நாளைக்கு முன், சண்டை மறுபடி தொடங்கி, வவுனியாப் பாதை பூட்டப்பட்டது. திறக்கும் என்று நம்பி வந்து பைறூஸ் வீட்டில் ஒரு கிழமை இருந்து பார்த்துவிட்டுத் திரும்பினீர்கள் என்று கேள்விப்பட்டேன். சாமான்களை விற்றுவிட்டு எங்கே திரும்பினீர்கள்? யாருடைய வீட்டில் இருக்கிறீர்கள்? எழுது.

சீற் இரண்டும் பைறூஸின் கடையில் தோல் உரிக்காமல் இருக்கின்றன. இங்கே வந்து சேராது. இப்போது மேலே குண்டு போடும் கிபிர் விமானம் பறக்கிறது. பளபளக்கிற கூரை உள்ளவர்கள் எல்லாம் தென்னோலைக் கிடுகு பரப்பி மறைக்கிறார்கள். எங்கள் கூரைக்கு மறைப்புத் தேவையில்லை, அவ்வளவு மங்கல். "காக்கா, தலைகீழாப் போட்டதும் நல்லதுக்குத்தான்" என்றார் ஆண்டியப்பன். ஆறு வாரமாக அவர் ஒரு கெட்டித்தனமும் பேசவில்லை, இதையாவது பேசட்டும் என்று விட்டுவிட்டேன். அவருடைய மகனைச் சண்டைக்கு என்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நீ வருகிறாய் என்று எழுதிய கடிதம் வந்த அன்றே அறை வாசலிலிருந்து குசினிக்கும், குசினியிலிருந்து கிணற்றடிக்கும் கயிறு கட்டினேன். இடுப்பளவு உயரத்தில், பிடித்துக்கொண்டு நடக்க. எங்கே கால் இடறும் என்று பார்க்க நானே கண்ணைப் பொத்திக்கொண்டு நடந்தேன். கிணற்றடியில் ஒரு கல், குசினிப் படியில் ஒரு மேடு. கல்லைத் தோண்டி எடுத்தேன், மேட்டைக் கொத்தினேன். பதினைந்து தரம் நடந்தேன், இப்போது ஒன்றும் இடறாது.

அந்தக் கயிற்றில் இப்போது ஆண்டியப்பனின் பெண்சாதி உடுப்புக் காயப் போடுகிறார். ஜெயபுரத்தில் இருக்கப் பயமாக இருக்கிறது என்று வந்துவிட்டார்கள். உன் அறையைத்தான் கொடுத்தேன். உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன், வீடு உன்னுடையது, சம்மதம் என்று ஒரு வரி எழுது.

பாதை சில நாளைக்குத் திறக்குமாம், பதிந்தால் ஆட்கள் உள்ளே வரலாமாம் என்று ஒரு கதை உலாவுகிறது. அது உன் காதுக்கும் வரும். உனக்குப் பொறுமை இல்லை, சொல்லாமல் வேன் ஏறுகிற ஆள் நீ. அதற்காகத்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். கிபிர் சத்தம் கேட்டதும் பதுங்கு குழிக்குள் ஓட எனக்கு ஏழு விநாடி வேண்டும். உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு எத்தனை விநாடி என்று நேற்றுக் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடிப் பார்த்தேன். போதவில்லை.

மூன்று வருடமாக வா, வா என்றுதான் எழுதினேன். நீ வந்தால் எனக்கு உயிர் வரும் என்று இப்போதும் தெரியும். பஸ்லியா, இந்த வரியை உம்மாவுக்கு இரண்டு தரம் வாசி. வராதே, ஸுல்பா.

வஸ்ஸலாம்.
கலந்தர் காக்கா